பெண்ட் பைப்புக்கு ஒரு பீங்கான் சட்டை

அண்ணன் மகன் போன தை மாதம் தன் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். "சித்தப்பா, செராமிக் கோட்டிங் போட்டாச்சு, பாருங்க" என்று ஒரு சொம்புத் தண்ணீரை டேங்க் மேல் ஊற்றினான். தாமரை இலையில் விழுந்தது போலத் தண்ணீர் உருண்டு ஓடியது. அழகாகத்தான் இருந்தது. நான் குனிந்து, எஞ்சினுக்கு முன்னால் வளைந்து இறங்கும் பெண்ட் பைப்பைப் பார்த்தேன். பழைய வீட்டுச் செங்கல் மாதிரி பொரிந்து கிடந்தது.

"இதுக்குப் போடலையாடா?"

"முழு வண்டிக்கும்னுதான் சொன்னாங்க. அப்போ இதுக்கும்தானே?"

அவன் மேல் தப்பில்லை. ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்கிறது. டேங்க், மட்கார்டு போன்றவற்றின் பெயிண்ட் மேல் பூசுகிற செராமிக் ஒன்று. அது சிலிக்கா சார்ந்த திரவம். துணியில் தொட்டுத் தேய்த்தால் கண்ணாடி மாதிரி மெல்லிய படலமாக இறுகிக்கொள்ளும். அழுக்கு ஒட்டாது, தண்ணீர் நிற்காது. கடையில் '9எச் கடினம்' என்று எழுதி வைத்திருப்பார்கள். பயந்துவிட வேண்டாம், அந்த 9எச் பென்சில் கணக்கு. 9எச் பென்சிலால் கீறினாலும் கோடு விழாது என்று பொருள், அவ்வளவுதான்.

சைலன்சருக்குப் போடும் செராமிக் வேறு சரக்கு. பொடிப்பொடியான பீங்கான் துகள்களையும், சூட்டில் கருகாத சிலிக்கான் வகைப் பசையையும் கலந்து ஸ்ப்ரே கன்னால் அடிப்பது. வெயிலில் காயும் டேங்க்குக்கும் நெருப்பைக் கக்கும் பைப்புக்கும் ஒரே மருந்து ஆகாது. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

முதலில் பைப் படும் பாட்டைப் பார்ப்போம். நம் ஊரில் புகை போகும் வழி முழுவதையும் சைலன்சர் என்றே சொல்லிவிடுகிறோம். உண்மையில் எஞ்சின் வாயிலிருந்து வளைந்து வருவது பெண்ட் பைப், பின்னால் சத்தத்தைக் குறைக்கும் பருத்த பகுதிதான் சைலன்சர். பெட்ரோல் எஞ்சினின் வால்வைத் தாண்டி வெளியே பாயும் புகை 600 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்கும். பைப்பின் வெளித்தோல் அவ்வளவு சுடாது, ஓட்டத்தில் காற்று பட்டுக்கொண்டே இருக்கிறதே. சாதாரண 125, 150 சிசி வண்டியில் எஞ்சின் வாய்க்கு அருகே ஏறத்தாழ 300 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தோசைக்கல் 200 டிகிரி அளவில் இருக்கும்போதே தண்ணீர் தெளித்தால் சொய்யென்று துள்ளுகிறது. பின்னால் போகப் போகச் சூடு குறையும்.

இந்தச் சூட்டில் சாதாரண பெயிண்ட் கருகி உதிர்ந்துவிடும். பவுடர் கோட்டிங்கும் அப்படியே. "கேட்டுக்கும் கிரில்லுக்கும் போடுறோமே, அதையே இதுக்கும் போட்டுடலாம் சார்" என்று சில பட்டறைகளில் சொல்வார்கள். பவுடர் கோட்டிங் என்பது பிளாஸ்டிக் பொடியை 180, 200 டிகிரியில் உருக்கிப் பிடிக்கவைப்பது. எந்தச் சூட்டில் உருகிப் பிடித்ததோ அதைவிடக் கூடுதல் சூட்டில் அது என்ன ஆகும் என்று யோசித்தால் போதும். சைலன்சரின் பின்முனைக்கு ஒருவேளை தாங்கலாம். பெண்ட் பைப்புக்கு வேண்டவே வேண்டாம்.

சரி, சூடு எல்லா ஊர் வண்டிக்கும் உண்டு. நம் ஊர் வண்டிக்கு மட்டும் ஏன் பைப் இப்படிப் போகிறது? உப்பு. கடலூரில் கடலோரத் தேவனாம்பட்டினத்திலோ முதுநகரிலோ, அந்தப் பக்கம் புதுச்சேரியில் குருசுக்குப்பத்திலோ வைத்திக்குப்பத்திலோ குடியிருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜன்னல் கம்பியே சொல்லும். ஆனால் உப்பு எப்படி வேலை செய்கிறது என்பது சுவையான விஷயம். சமையலறையில் கல்லுப்பு ஜாடி மழைக்காலத்தில் தானாகக் கசிந்து நிற்கும், பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்குகிறது. கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு அந்த அளவுகூடத் தேவையில்லை, இன்னும் குறைந்த ஈரப்பதமே போதும். அதாவது மழையே பெய்யாத ராத்திரியிலும், கூரைக்கடியில் நிறுத்திய வண்டியின் பைப் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. காலையில் கிளப்பினால் நீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு அங்கேயே தங்கிவிடும். மறுநாள் இன்னும் கொஞ்சம் உப்பு சேரும். கோலம் போட்ட மாதிரி நாளுக்கு நாள்.

உள்ளிருந்து வரும் எதிரி இன்னொன்று உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகி ஆவியாகப் புகையோடு வெளியே போகிறது. பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதால் வருவது அது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு 22 கிலோமீட்டர் ஒரே ஓட்டமாகப் போனால் சைலன்சர் முழுக்கச் சூடேறி அத்தனை ஆவியும் வெளியேறிவிடும். பால் வாங்கத் தெருமுனை வரைக்கும் போய்வருகிற வண்டியில் சைலன்சர் சூடேறுவதற்குள் எஞ்சினை அணைத்துவிடுவோம். ஆவி உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகத் தேங்கும். அதனால்தான் பல சைலன்சர்களின் அடியில் ஒரு சின்னத் துளை விட்டிருக்கிறார்கள். புகை ஒழுகுகிறது என்று அதை எம்சீல் வைத்து அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அடைக்காதீர்கள். வெளியே ஆயிரம் பூச்சு பூசினாலும், உள்ளிருந்து அரித்து வரும் துருவுக்கு அது பதில் இல்லை.

இனி பீங்கானுக்கு வருவோம். செராமிக் என்ற சொல் புதிதாகத் தெரியலாம், சரக்கு நமக்குப் பழக்கமானதுதான். நம் மாவட்டத்து விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் நடக்கிறது. அதைச் சொல்லிக்கொடுக்க அரசுக் கல்வி நிலையமே அங்கே இருக்கிறது. புதுச்சேரிப் பக்கம் வில்லியனூரின் சுடுமண் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சுடுமண் குதிரை, பீங்கான் கோப்பை, ஊறுகாய் ஜாடி எல்லாம் ஒரே குடும்பம்: மண்ணிலுள்ள உலோக ஆக்சைடுகளைச் சுட்டு இறுக்கியவை. ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்து முடிந்துவிட்ட பொருள் என்பதால் அது மறுபடி துருப்பிடிக்க வழியில்லை. இரும்பு துருப்பிடிப்பது ஆக்சிஜனோடு சேரும் ஆசையால். பீங்கானுக்கு அந்த ஆசை முன்பே தீர்ந்துவிட்டது. சூளைச் சூட்டில் பிறந்ததால் நெருப்பும் அதற்குப் புதிதல்ல. உங்கள் வண்டியிலேயே ஒரு பீங்கான் சாமான் தினமும் தீயைக் குடித்துக்கொண்டிருக்கிறது. ஸ்பார்க் பிளக்கில் வெள்ளையாகத் தெரியும் பகுதி அலுமினா என்ற பீங்கான்தான்.

அப்படியானால் பைப் மேல் நல்ல தடிமனாகப் பீங்கானைப் பூசிவிட்டால் என்ன? இங்கேதான் பழைய எனாமல் தட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். எனாமல் என்பது இரும்புத் தகட்டின் மேல் உருக்கிய கண்ணாடிப் பூச்சு. பாட்டி வீட்டு எனாமல் தட்டில் விளிம்பெல்லாம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து கறுப்பாகத் தெரியுமே, காரணம், கண்ணாடி வளையாது. இரும்போ நெளியும், சூட்டில் நீளும். அரை மீட்டர் நீளமுள்ள இரும்பு பைப் 300 டிகிரி சூடேறினால் 2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீள்கிறது. எவர்சில்வர் வகையாக இருந்தால் இரண்டரை மில்லிமீட்டர். பீங்கான் அவ்வளவு நீளாது. உள்ளே இருப்பவர் பருத்துக்கொண்டே போனால் சட்டை தையல் விடத்தானே செய்யும்? படலம் மெல்லியதாக இருந்தால் உலோகத்தோடு சேர்ந்து இழுபட்டுக் கொடுக்கும், தடிமனானால் வெடிக்கும். அதனால் இந்தப் பூச்சு பொதுவாக 25 மைக்ரான் அளவில் இருக்கும். தலைமுடியின் கனத்தில் பாதிக்கும் குறைவு. "ரெண்டு கோட் சேர்த்தே அடிச்சிருக்கேன் சார், கெட்டியா நிக்கும்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், இந்த வேலையில் அது பெருமையில்லை.

இவ்வளவு மெல்லிய படலம் பிடித்து நிற்க வேண்டுமென்றால் பிடிமானம் அத்தனையும் அடியில் இருக்கும் உலோகத்தில்தான் இருக்க வேண்டும். இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை பெருகி எங்கள் பக்கமெல்லாம் வெள்ளம். வண்டி ஒரு நாள் முழுக்கச் சைலன்சர் மூழ்க நின்றது. தண்ணீர் வடிந்து எஞ்சின் வேலையெல்லாம் முடிந்த பிறகு, பைப்பையும் அழகாக்கிவிடலாம் என்று ஒரு பட்டறையில் கொடுத்தேன். மறுநாளே கறுப்பாக, மெத்தென்ற மேட் பூச்சோடு கைக்கு வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். மறுநாளே என்பதில்தான் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இரண்டு மாதத்தில் வளைவின் உள்பக்கம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, விரலால் தொட்டால் அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது. பெயர்ந்த துண்டின் அடியில் பழுப்புத் துரு அப்படியே ஒட்டியிருந்தது. உப்புத்தாளால் நாலு தேய், தின்னர் துணியால் ஒரு துடை, அப்புறம் நேராக ஸ்ப்ரே. பூச்சு உலோகத்தின் மேல் ஒட்டவேயில்லை. துருவின் மேல் ஒட்டியிருந்தது. துருவோ தான் பிறந்த இரும்பைவிட அதிக இடம் எடுக்கும் பொருள். அடியில் அது வளர வளர மேலே உள்ள சட்டையை நெம்பித் தூக்கிவிடும்.

முறையாகச் செய்தால் என்ன நடக்கும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

பைப்பைக் கழற்றுவதே முதல் கண்டம். எஞ்சின் தலையில் பைப்பைப் பிடித்திருக்கும் ஸ்டட்டும் நட்டும் துருப்பிடித்து ஒன்றாகிக் கிடக்கும். முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும். முரட்டுத்தனமாகத் திருகினால் ஸ்டட் முறிந்து, பூச்சு வேலைக்கு வந்த வண்டி லேத் பட்டறைக்குப் போகும். கழற்றிய பின், எஞ்சினுக்கும் பைப்புக்கும் நடுவே புகை கசியாமல் அடைக்கும் பழைய கேஸ்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிவையுங்கள், மலிவு சாமான்.

அடுத்தது எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது. அசிட்டோன் மாதிரி கரைப்பானில் கழுவுவார்கள். கழுவினால் போதாது. உலோகத்தின் நுண்துளைகளிலும் வெல்டிங் இடுக்கிலும் எண்ணெய் ஒளிந்திருக்கும். அதனால் அடுப்பில் வைத்து ஒரு முறை வறுத்தெடுப்பார்கள். ஒளிந்திருந்ததெல்லாம் வியர்த்து வெளியே வந்து புகையும். இந்தப் படியைத் தவிர்த்துவிட்டால், பூச்சு இறுகும்போது அதே எண்ணெய் அடியிலிருந்து கசிந்து மீன்கண் போலப் புள்ளிகள் விழும்.

அப்புறம்தான் உயிர்நாடியான வேலை, பிளாஸ்டிங். அலுமினியம் ஆக்சைடு துகளைக் காற்றழுத்தத்தில் பாய்ச்சி, பழைய பெயிண்ட், துரு, குரோம் எச்சம் எல்லாவற்றையும் வெள்ளை உலோகம் தெரியும் வரை உரிப்பது. இது சுத்தம் செய்ய மட்டும் என்று நினைக்க வேண்டாம். அம்மி வழவழப்பானால் மிளகாய் அரைபடாது. அதனால்தான் அம்மி கொத்துகிறோம். அதே கதை இங்கேயும். வழவழப்பான உலோகத்தில் பூச்சுக்குப் பிடிப்பில்லை. பிளாஸ்டிங் முடிந்த பைப் வெள்ளிச் சாம்பல் நிறத்தில், விரல் வைத்தால் சொரசொரப்பாக இருக்கும். சொன்னேனே தவிர விரல் வைக்கக் கூடாது. கையின் வியர்வையும் எண்ணெயும் பட்ட இடத்தில் பூச்சு ஒட்டாது, கையுறை போட்டுத்தான் தூக்க வேண்டும். இதையே ஆற்று மணலை வைத்து அடிக்கும் இடங்களும் உண்டு. மணலில் உள்ள சிலிக்கா தூசு நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்ற தீராத நோயைக் கொடுக்கும். வேலை செய்பவர் முகத்தில் வெறும் கைக்குட்டை கட்டிக்கொண்டு மணல் அடித்துக்கொண்டிருந்தால் அந்தப் பட்டறைக்குக் கொடுக்காமல் திரும்பிவிடுவது என் வழக்கம்.

உரித்த இரும்புக்கு நம் ஊர்க் காற்றில் ஆயுள் குறைவு. காலையில் பிளாஸ்டிங் செய்து சாயங்காலம் வரை வெறுமனே வைத்திருந்தால், மழைக்காலத்தில் அதன் மேல் மஞ்சள் கலந்த மெல்லிய துரு படிந்துவிடும். உள்நாட்டு ஊர்க்காரர்கள் மறுநாள் அடித்துக்கொள்ளலாம் என்று விடலாம். கடற்கரை ஊரில் அது சூதாட்டம். பிளாஸ்டிங் முடிந்த சில மணி நேரத்துக்குள் ஸ்ப்ரே முடிந்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தள்ளிப்போடுவதே நல்லது. பங்குனி, சித்திரை வெயிலில் காற்றாவது நமக்குக் கொஞ்சம் ஒத்துழைக்கும்.

ஸ்ப்ரே செய்வது பார்ப்பதற்குச் சாதாரண பெயிண்ட் அடிப்பது மாதிரிதான் இருக்கும். பைப்பைக் கம்பியில் தொங்கவிட்டு, எஞ்சினோடும் கேஸ்கெட்டோடும் பொருந்தும் முகத்தையும் மரைகளையும் டேப் ஒட்டி மூடிவிட்டு, மெல்லிசாக ஓட்டுவார்கள். பிறகு இறுகவைப்பது. சில வகைகளை அடுப்பில் சுட வேண்டும். சில காற்றிலேயே இறுகும். உதாரணமாக, செராகோட் என்ற அமெரிக்கத் தயாரிப்பின் சி வரிசை காற்றிலேயே இறுகுவது. முழுதாக இறுக 5 நாள் ஆகும், 982 டிகிரி வரை தாங்கும் என்பது தயாரிப்பாளர் கணக்கு. எந்த வகையாக இருந்தாலும் அதன் டப்பாவில் எழுதியிருப்பதுதான் வேதம். பட்டறையில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே: எந்தச் சரக்கு, எத்தனை டிகிரிக்கு, எப்படி இறுகவைப்பீர்கள்? இந்த மூன்றுக்கும் டப்பாவைக் காட்டிப் பதில் சொல்லும் இடமாக இருந்தால் பாதி நம்பலாம். பிளாஸ்டிங் கேபினட்டைக் கண்ணால் பார்த்துவிட்டால் மீதியையும் நம்பலாம்.

பி.எஸ்.6 வண்டிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. 2020 ஏப்ரல் 1 முதல் வந்த இந்தப் புகை மாசு விதிக்குப் பிறகு வந்த வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும், புகையை முகர்ந்து பார்க்கும் ஆக்சிஜன் சென்சாரும் புகை வழியில் இருக்கின்றன. சென்சாரைக் கழற்றிவிட்டு அதன் மரையை அடைக்காமல் பிளாஸ்டிங் செய்தால் துகள் உள்ளே போய்க் கன்வர்ட்டரின் தேன்கூட்டில் சிக்கிக்கொள்ளும். அதன் துளைகளில் பூசியிருப்பது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள். பூச்சுக் காசை மிச்சம் பிடித்து இதில் விட்டுவிடாதீர்கள். இரண்டு முனையும் அடைத்துத்தான் வெளிப்புறம் அடிக்க வேண்டும். சத்தம் குறைக்கும் பஞ்சு உள்ளே வைத்திருக்கும் சைலன்சருக்கும் இதே எச்சரிக்கை.

இப்போது இந்த வியாபாரத்தில் அதிகம் பேசப்படும் விஷயத்துக்கு வருகிறேன். "போட்டா காலே சுடாது" என்பார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. கணக்குப் போட்டே காட்டலாம். 300 டிகிரியில் இருக்கும் பைப், ஓடும்போது காற்றுக்குக் கொடுக்கும் வெப்பம் ஒரு சதுர மீட்டருக்கு 20 கிலோவாட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 25 மைக்ரான் பீங்கான் படலத்தைத் தாண்டி இந்த வெப்பம் வருவதற்குள் எவ்வளவு டிகிரி குறையும் தெரியுமா? ஏறத்தாழ அரை டிகிரி. பீங்கான் வெப்பத்தைத் தடுப்பது உண்மைதான், ஆனால் தடுக்க அதற்குக் கனம் வேண்டுமே. மல் துணியைப் போர்த்திக்கொண்டு மார்கழிப் பனிக்கு நிற்கிற மாதிரி.

"ஜெட் விமான எஞ்சினிலேயே பீங்கான் போடுறாங்களே" என்று கேட்கலாம். போடுகிறார்கள். தீக்காற்றில் சுழலும் டர்பைன் இலைகளின் மேல் கால் மில்லிமீட்டர் அளவில் சிர்கோனியா என்ற பீங்கானை பிளாஸ்மா தீயில் உருக்கியோ ஆவியாக்கியோ படியவைக்கிறார்கள். நூறு டிகிரிக்கு மேல் அது சூட்டை இறக்கியும் கொடுக்கிறது. அங்கே இலைக்குள்ளே குளிர்காற்று ஓடிக்கொண்டே இருக்கும், வெளியே தீ. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வெப்பம் வெள்ளமாகப் பாயும் இடத்தில் மெல்லிய தடுப்பும் பெரிய வித்தியாசம் காட்டும். நம் பைப்பில் பாய்வது ஓடை. இரண்டையும் ஒன்றாகப் பேசுவது விற்பவருக்கு வசதி.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பைப்பிலிருந்து காலுக்கு வரும் சூட்டில் ஒரு பகுதி காற்று வழியாக வராமல் கதிராகப் பாய்கிறது. பளபளக்கும் உலோகம் கதிரைக் குறைவாக விடும், கறுப்பு மேட் பரப்பு தாராளமாக விடும். ஆக, பளபளப்பான எவர்சில்வர் பைப்புக்குக் கறுப்பு செராமிக் பூசினால், நின்றுகொண்டிருக்கும்போது பைப் கொஞ்சம் சீக்கிரம் ஆறலாம், ஆனால் உங்கள் முழங்காலுக்கு முன்பைவிடக் கூடுதலாகவே கதிர் பாயும். துருப்பிடித்த பைப்புக்குப் பூசினால் பெரிய மாற்றம் இருக்காது, துருவும் கறுப்பும் இந்த விஷயத்தில் அண்ணன் தம்பி. சூடு குறைய வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் வெள்ளி நிறத்தில் அலுமினியம் கலந்த செராமிக் வகையை மெருகேற்றிப் போடுங்கள். அதைவிட மலிவாக, காலில் சூடு படாமல் மறைக்கும் சைலன்சர் கார்டைத் தொலைத்திருந்தால் புதிது வாங்கி மாட்டுங்கள்.

பைப்பைச் சுற்றி நாடா கட்டுவது இப்போது ஒரு மோஸ்தர். கண்ணாடி இழை நாடா சூட்டை உண்மையிலேயே தடுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் மழையையும் உப்பையும் உறிஞ்சிக்கொண்டு பைப்போடு ஒட்டியபடியே உட்கார்ந்திருக்கும். ஈரத்துணியைச் சுற்றிவைத்த இரும்பு என்ன ஆகும்? கடலூரிலும் புதுச்சேரியிலும் இதைக் கட்டாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

ஆக, நம் ஊரில் இந்தப் பூச்சை வாங்குவது துருவுக்காக. அந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பது தானே தெரிந்துவிடும். ஒரு காந்தத்தை எடுத்துப் பைப்பில் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் 304 வகை எவர்சில்வராக இருக்கக்கூடும். 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் கலந்தது. அதில் தெரியும் தேநீர்க்கறை மாதிரியான பழுப்பு பெரும்பாலும் மேலோட்டமானது; பாலிஷ் போட்டுத் துடைத்துக்கொண்டாலே காலம் ஓடும். ஒட்டினால் சாதாரண இரும்பாகவோ, 11 சதவீத அளவு குரோமியம் மட்டுமே உள்ள 409 வகையாகவோ இருக்கலாம். உப்பிலுள்ள குளோரைடு இவற்றைத்தான் குறிவைக்கும். இவற்றுக்குப் பூச்சு பயன்படும்.

பழைய புல்லட் மாதிரி குரோம் பைப் வைத்திருப்பவர்கள் இரண்டு மனதாக நிற்பார்கள். குரோம் சூட்டில் மஞ்சளாகி நீலமாகும், சிலருக்கு அந்த நீலம் பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது. பூச்சு போட்டால் நீலமும் போகும், குரோமின் மினுக்கும் போகும். அது ரசனை விஷயம், நான் நடுவில் வரவில்லை. குரோம் ஏற்கெனவே உரிய ஆரம்பித்திருந்தால் மட்டும் அதை முழுக்க எடுக்காமல் மேலே பூசவிடாதீர்கள்.

தினமும் அலுவலகம் போய்வரும் சின்ன வண்டிக்கு இத்தனை செலவு தேவையா என்று கேட்டால், பல நேரம் தேவையில்லை. சூடு தாங்கும் வெள்ளிப் பெயிண்ட் ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். சிலிக்கான் பசையில் அலுமினியப் பொடி கலந்தது, 600 டிகிரி வரை தாங்கும் என்று எழுதியிருக்கும். கம்பிப் பிரஷ்ஷால் துருவைக் கறாராக எடுத்துவிட்டு ஆண்டுக்கு ஒரு முறை அடித்தால் போதும். அழகுப் போட்டியில் ஜெயிக்காது, பைப் பிழைத்துக்கொள்ளும்.

பூச்சு போட்ட பிறகு கவனிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. கடற்கரைப் பக்கம் போய்வந்தால் பைப் ஆறியபின் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கம்பிப் பிரஷ் மட்டும் வேண்டாம். மழைக்கோட்டின் ஓரம் பட்டு உருகிப் பிடித்துக்கொள்வது எல்லோருக்கும் ஒரு முறையாவது நடக்கிறது. அப்போது பதறிக் கத்தியால் சுரண்டாமல், பைப் இளஞ்சூடாக இருக்கும்போது மரக்குச்சியால் மெதுவாகத் தள்ளுங்கள், பெரும்பகுதி வந்துவிடும்.

அண்ணன் மகன் வண்டிக்கு வருகிறேன். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் பைப்பைத் தட்டிக்கொண்டே போனேன். மேலே கணீரென்று இருந்த சத்தம் கிளாம்ப் பக்கம் வந்ததும் மொத்தென்று ஆனது. முனையால் லேசாக அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. இப்படிப்பட்ட பைப்பை பிளாஸ்டிங்குக்குக் கொடுத்தால் சல்லடையாகத்தான் திரும்பி வரும். புது பெண்ட் பைப் வாங்கச் சொன்னேன். அதையும் மாட்டுவதற்கு முன்னாலேயே, கம்பெனி பெயிண்டை உரித்துவிட்டுப் பூச்சு போட்டுவிடு என்றேன். ஒரு துளி துருகூட இல்லாத நாளில் போடுகிற சட்டைக்கு ஈடு கிடையாது. மாசிக் கடைசியில் மாட்டினான். கறுப்பாக, மினுக்கம் இல்லாமல், யார் கண்ணிலும் படாமல் இருக்கிறது.

"டேங்க்ல தண்ணி ஊத்திக் காட்டினேன். இதுக்கு என்னத்த சித்தப்பா காட்டுறது?" என்று கேட்டான்.

"அடுத்த ரெண்டு மழைக்காலம் போகட்டும். அப்புறம் கொண்டுவந்து காட்டு" என்றேன்.